பின் சீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டி தூக்கிப் போடுவது பற்றித்தான். மழை முடிந்த பிறகு நம் ஊர்ச் சாலைகள் கிடக்கிற கிடப்பில் அது ஆச்சரியமில்லை. அதனால் ஏசி, பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 2011 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் வண்டி இருக்கிறது. 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீசுக்கு விட்ட இடத்தில் நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டது, ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஓட்டுவதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆயில் லீக்கும் இல்லை. இது நிஜமான தேவையா, வியாபாரமா? என் மனைவி மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்கிறார். அவருக்கு எப்போதுமே பித்தம் அதிகம்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநகர்

பதில்: ஐயா, பித்தத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். அம்மா சொன்னதுதான் உங்கள் வண்டியின் டெஸ்ட் ரிப்போர்ட்.

ஷாக் அப்சார்பர் பல்பு மாதிரி ஒரே நாளில் ஃபியூஸ் ஆகாது. வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவரின் கையும் காலும் அதற்குத் தகுந்தாற்போல் பழகிக்கொண்டே வரும். வேகத்தடைக்கு முன்னால் முன்பைவிடச் சீக்கிரமாகப் பிரேக்கை அழுத்துவார், வளைவில் ஒரு கியர் குறைப்பார், லாரி பக்கத்தில் போகும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பார். ஆனால் கேட்டால் "வண்டி அப்படியே புதுசு மாதிரி இருக்கு" என்பார். பின் சீட்டில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கும் இல்லை, அடுத்த பள்ளம் எங்கே வருகிறது என்றும் தெரியாது. அதனால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. குழாய்க்குள் ஆயில், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துவாரங்களும் மெல்லிய தகடு வால்வுகளும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆயில் அந்தத் துவாரங்கள் வழியாகத் திணறிக்கொண்டு போக வேண்டும். அந்தத் திணறலில் ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடும்.

இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். நான் சின்ன வயதில் கற்றுக்கொண்டது. மேடு பள்ளமான சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஷாக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று பச்சைத் தண்ணீர் மாதிரியும் இருந்தால், அந்த ஒன்று சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது, சரி. ஆனால் ஆடாமல் நின்றால் நல்ல ஷாக் என்று நம்பிவிடாதீர்கள். கையால் அழுத்துகிற வேகம் வேறு, எழுபதில் போகும்போது பள்ளம் கொடுக்கிற அடி வேறு. லீக் கதையும் அப்படித்தான். உடம்பில் லேசாக ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் அது வேர்வை, விட்டுவிடலாம். ஆயில் வழிந்து கீழே வரை இறங்கியிருந்தால்தான் லீக். அதே சமயம், ஒரு சொட்டுக்கூட வெளியே வராமல் உள்ளே வால்வு தேய்ந்து செத்துப்போன ஷாக்குகளை வாரத்துக்கு நான்கு கழற்றுகிறேன்.

எனக்கு நம்பிக்கையான சாட்சி டயர். உள்ளங்கையை டயரைச் சுற்றித் தடவுங்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி இடைவெளி விட்டு விட்டுக் குழிந்து தேய்ந்திருக்கிறதா? சக்கரம் சாலையில் பதியாமல் குதித்துக்கொண்டே போயிருக்கிறது. குதிக்கிற டயருக்குப் பிரேக் பிடிக்காது. மழை நாளில் இன்னும் மோசம். நான் பயப்படுவது குமட்டலுக்கு இல்லை, இதற்குத்தான்.

இனி ஸ்பிரிங். ஷாக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு ஓரளவு உண்டு. 80,000 தாண்டினால் ஒவ்வொரு சர்வீசிலும் பார்க்கச் சொல்வேன். ஸ்பிரிங்குக்கு உயரக் கணக்குதான். "ஸ்பிரிங் இளகிப்போச்சு" என்று பட்டறையில் சொல்வோம். உண்மையில் இரும்பு இளகுவதில்லை. வருடக்கணக்கில் சுமந்து சுமந்து குட்டையாகிவிடுகிறது. வண்டி உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்த வண்டியில் சக்கரம் மேலே எழும்ப இடம் குறைவு; சின்னப் பள்ளத்துக்கே உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பில் போய் 'டங்' என்று இடிக்கும். அந்த இடி வாங்கி வாங்கிப் புது ஷாக்கும் சீக்கிரம் போகும். ஷாக்கை மாற்றி ஒரே வருடத்தில் திரும்பி வருகிறவர்களில் பலர் ஸ்பிரிங்கைப் பார்க்காமல் விட்டவர்கள்.

அளப்பது சுலபம். சமமான தரையில் ஆள், சாமான் இல்லாமல் நிறுத்தி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். நான்கு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் உங்கள் வண்டி மாதிரியே ஒன்று வந்தது. முன்பக்கம் இடது வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். ஓனர் பத்து வருடமாகத் தனி ஆளாகவே ஓட்டியவர், நல்ல கனத்த உடம்பு. கழற்றிப் பார்த்தால் வலது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் சுண்டுவிரல் நீளத்துக்கு உடைந்து, உடைந்த துண்டு அடித்தட்டிலேயே கிடந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. துருப்பிடித்த கடைசிச் சுற்றுதான் பெரும்பாலும் உடையும். அந்த நுனி நழுவி டயரைக் கிழித்தும் இருக்கிறது.

ஆகவே, உங்கள் மெக்கானிக் ஷாக் மாற்றச் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்பிரிங்குக்கு மட்டும் "அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அது வியாபாரம். உயரம் குறைந்திருந்தால் முன்பக்கத்துக்குத் தயங்காமல் போடுங்கள். எப்படியும் ஷாக்குக்காக அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கூலி ஒன்றுதான். எது மாற்றினாலும் ஜோடியாக, முன் இரண்டு அல்லது பின் இரண்டு. கையில் பணம் குறைவென்றால் இந்த மாதம் முன்பக்கம், தீபாவளிக்குப் பின்பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒற்றை ஷாக் மட்டும் புதுசு என்பது ஒரு காலுக்கு ஷூ, மறு காலுக்குச் செருப்பு.

வாங்கும்போது டீசல் வண்டிக்கான ஸ்பிரிங் என்று அழுத்திச் சொல்லுங்கள். டீசல் எஞ்சின் கனம். பெட்ரோல் மாடல் ஸ்பிரிங் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், போட்டால் மூக்கு தாழ்ந்து நிற்கும். ஸ்பிரிங்கில் பூசியிருக்கும் வண்ணப் பொட்டு அந்த அடையாளத்துக்குத்தான். கூடவே ஷாக்கின் தலையை வண்டி உடம்போடு பிடிக்கும் மேல் மவுண்ட், அதன் பேரிங், ரப்பர் தடுப்பு, தூசி உறை இவற்றையும் புதிதாகப் போடுங்கள். மொத்தச் செலவில் இதெல்லாம் சில்லறை. பழைய மவுண்டோடு புது ஷாக் போட்டுவிட்டு மூன்று மாதத்தில் 'கடக் கடக்' என்று திரும்பி வந்தால் மறுபடி முழுக் கூலி.

மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம்) உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் எடை வாங்கின பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. என் பையன்களிடமே நான் கத்த வேண்டியிருக்கிறது. அப்புறம் வீல் அலைன்மென்ட். ஹெட்லைட்டையும் பாருங்கள், வண்டி உயர்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போகும்.

மாற்றின பிறகு அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஒரு முறை போய் வாருங்கள். 7.3 கிலோமீட்டர், இணைப்புக்கு இணைப்பு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் வண்டி ஒரே அசைவில் அடங்க வேண்டும்.

கேள்வி: பழைய ஷாக்கிலேயே ஆயில் மாற்றி வெல்டிங் வைத்துப் புதுசு போல் தருகிறார்கள். விலை கால்வாசிதான். போடலாமா அண்ணே?
— சோழவந்தான்

பதில்: வேண்டாம் தம்பி. இதை நானும் செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

நான் 1985-ல் ஸ்பானர் பிடித்தபோது பட்டறை நிறைய அம்பாசிடர்தான். பழைய அம்பாசிடரின் முன்பக்க ஷாக் இப்போது பார்க்கிற குழாய் கிடையாது. ஒரு இரும்புக் கட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை. அதன் தலையில் ஆயில் ஊற்ற ஒரு மூடியே வைத்திருந்தார்கள். குறைந்தால் திறந்து ஊற்றுவோம், மூடுவோம். ஷாக் என்றால் ஆயில் ஊற்றுகிற சாமான் என்று கைக்குப் பழகிவிட்டது. மூடி இல்லாத ஷாக் வந்த பிறகும் ஓட்டை போட்டு ஊற்றினோம்.

ஒரு தடவை சொந்தக்காரர் வண்டிக்கு அப்படிச் செய்தேன். கையில் இருந்த கெட்டியான ஆயிலை ஊற்றி, கேஸ் வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் "கல்லு மாதிரி இருக்குடா" என்று புகழ்ந்தார். கல்லுதான். துவாரத்துக்கு என்று கணக்குப் பார்த்த ஆயில் மெல்லியது. கெட்டி ஆயில் வேகமாக நகராது, ஷாக் விறைத்துக்கொண்டு நிற்கும். வெல்டிங் சூட்டில் உள்ளே சீல் கருகியிருந்தது. நான்காவது நாள் ஆண்டிபட்டி கணவாயில் இறங்கும்போது ஆயில் முழுவதும் கொட்டிப் பின்பக்கம் மிதக்க ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, ஓரம்கட்டி நிறுத்தினார். அதன்பிறகு மூன்று வருடம் என்னைக் கல்யாண வீட்டில் பார்த்தால் சாப்பாட்டுப் பந்தியை மாற்றி உட்காருவார்.

கேள்வி: குட்டி யானை வைத்து வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குத் தேங்காய் லோடு அடிக்கிறேன். 2,30,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) நேராகிவிட்டது, லோடு ஏற்றினால் தலைகீழாக வளைகிறது. ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் 2,000 காய் ஏற்றலாம் என்கிறார்கள்.
— லோடு வண்டிக்காரர், வாடிப்பட்டி

பதில்: உரித்த காய் ஒன்று அரைக் கிலோ என்று வைத்தாலும் 2,000 காய் ஒரு டன். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். கூடுதல் பட்டை வண்டியின் இடுப்பை நிமிர்த்தும். பிரேக், டயர், ஆக்சில் மூன்றும் பழைய ஆளாகவே இருக்கும். நிமிர்ந்து நிற்கிறதே என்று நீங்கள் இன்னும் ஏற்றுவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று. சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பி வைத்து, லோடு எவ்வளவு என்று உயரத்தை வைத்துக் கணித்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். பட்டையைக் கூட்டி உயர்த்தினால் அந்த வால்வு "வண்டி காலி" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடில் குறைந்த பிரேக்! உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு எதுவும் செய்யுங்கள்.

சரியான வழி, கம்பெனி கணக்குப்படி புதுப் பட்டை செட், இரண்டு பக்கமும். பழைய பட்டையை நெருப்பில் காட்டித் தட்டி வளைத்துத் தருகிறவர்களிடம் போகாதீர்கள். சூட்டில் பதம் போய்விடும், ஒரு சீசன்கூடத் தாங்காது. பட்டை நுனியில் வரும் சாக்கிள் புஷ், நடு போல்ட், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் புதுசு. ஒரு வாரம் லோடு அடித்துவிட்டு வந்து யூ போல்ட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். இதைச் சொன்னால் யாரும் வருவதில்லை. நடு போல்ட் உடைந்து ஆக்சில் கோணலான பிறகு வருவார்கள்.

கேள்வி: வேகத்தடையில் அடி தட்டுகிறது. காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்தால் போதுமா? என் நண்பன் ஸ்டைலுக்காக ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டியிருக்கிறான்.
— மேலூர்

பதில்: ரப்பர் வைத்தால் உயரம் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் ரப்பர் அடைத்த இடத்தில் சுற்றுகள் வேலை செய்யாது, மீதிச் சுற்றுகளே எல்லா வேலையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்த ஸ்பிரிங்குக்கு அது முட்டுக்கொடுத்த சுவர் மாதிரி. மாற்றுகிற வரைக்கும் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

நண்பனிடம் சொல்லுங்கள்: வேலை செய்கிற சுற்று ஐந்தில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் கால் பங்கு கடினமாகிறது. குட்டையும் ஆகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் அதன் தட்டிலிருந்து நழுவவும் கூடும்.

கேள்வி: பழைய வேகன் ஆர் வாங்கினேன். முன் இடது பக்கம் 'டக் டக்' சத்தம். ஷாக் இரண்டும் மாற்றிவிட்டேன், பணம் போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருக்கிறது.
— வில்லாபுரம்

பதில்: அம்மா, ஷாக் போனால் வண்டி ஆடும், மிதக்கும். சின்னக் கல்லுக்கெல்லாம் 'டக் டக்' என்று பேசுவது பெரும்பாலும் வேறு ஆள். முதல் சந்தேகம் லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியோடு இணைகிற சின்னத் தண்டு), உங்கள் மாடலில் அது இருந்தால். இரண்டு பக்கமும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கண்டுபிடித்தாயிற்று. நிற்காவிட்டால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட், புஷ். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று குதித்தால் மேல் பேரிங். புது ஷாக் மாட்டினவர் மேல் நட்டைச் சரியாக இறுக்கினாரா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இனிமேல் யாராவது சத்தத்துக்கு ஷாக் மாற்றச் சொன்னால், எது ஆடுகிறது என்று கம்பி போட்டு நெம்பிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து நானே வீட்டில் மாற்றலாமா? ஸ்பானர் செட், ஜாக்கி இருக்கிறது.
— கல்லூரி மாணவர், நாகமலைப் புதுக்கோட்டை

பதில்: ஷாக் தனி, ஸ்பிரிங் தனியாக இருக்கிற வண்டிகளில் பின்பக்க ஷாக்கை மாற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டு, ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம். ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுசாக இழுத்து அமுக்குங்கள். படுத்துக் கிடந்ததில் உள்ளே சேர்ந்த காற்று மேலே வந்துவிடும். பளபளக்கும் தண்டைக் குறடு போட்டுப் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து லீக் ஆகும்.

முன்பக்கம் வேண்டாம். அங்கே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஷாக்கின் மேல் மாட்டியிருக்கும். அமுக்கும் கருவி போடாமல் மேல் நட்டைக் கழற்றினால் அத்தனை அழுத்தமும் உங்கள் முகத்துக்கு நேரே. எங்கள் பட்டறையில் தேய்ந்த கருவி ஒன்றின் கொக்கி நழுவி, மவுண்ட் பறந்து போய்க் கூரைத் தகரத்தைத் துளைத்தது. ஐந்து நிமிடம் முன்பு நான் அங்கேதான் குனிந்திருந்தேன், டீ வந்ததால் எழுந்தேன். தகரத்தில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாள் அதைக் காட்டிவிட்டுத்தான் ஸ்பானர் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் தம்பி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: கேஸ் ஷாக் நல்லதா, ஆயில் ஷாக் நல்லதா?
— பழங்காநத்தம்

பதில்: கேஸ் ஷாக்கிலும் ஆயில்தான் வேலை செய்கிறது. கூட அடைத்திருக்கும் நைட்ரஜன் கேஸ், ஆயில் நுரைக்காமல் அழுத்திப் பிடிக்கத்தான். வண்டிக்குக் கம்பெனி எதைப் போட்டதோ அதையே போடுங்கள்.

கேள்வி: கழற்றிய ஷாக், ஸ்பிரிங், பட்டை எல்லாம் வீட்டில் கிடக்கிறது. எடைக்குப் போடலாமா?
— திருப்புவனம்

பதில்: பட்டையை ஏன் எடைக்குப் போடுகிறீர்கள்? பக்கத்தில் திருப்பாச்சேத்தியை வைத்துக்கொண்டு! நல்ல பட்டை இரும்பில் அடித்த அரிவாளுக்கு நிகர் கிடையாது. கொல்லரிடம் கொடுத்து வீட்டுக்கு ஒன்று அடித்துக்கொள்ளுங்கள், தேங்காய் வெட்ட. ஷாக்கைப் போடும்போது மட்டும் கடைக்காரரிடம் "இது கேஸ் உள்ளது, சூடு காட்டாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள். கேஸ் கட்டரை வைத்தால் வெடிக்கும்.

காயில் ஸ்பிரிங் இரண்டை நான் மேலே பலகை போட்டுப் பட்டறை வாசலில் ஸ்டூலாக்கி வைத்திருக்கிறேன். ஒன்று போன மாதம் வந்த அந்த டிசையரின் வலது ஸ்பிரிங், ஒன்று இடது. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்ததும் வலது பக்கம் சாய்வார்கள்.